கரையேறிய பின்



வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே நின்று வடதிசை நோக்கினால் நீரன்றி வேறொன்றுந் தெரியாது. அந்நீரை நீந்திக் கடந்து 1954ஆம் ஆண்டிலே கோடிக்கரையை அடைந்தார் நவரத்தினசாமி. வல்வெட்டித்துறையிற் பிறந்த ஆனந்தனோ அதனோடு அமையவில்லை. 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே மீண்டும் வந்தார். 51 மணி நேரம்! உப்பு நீரிலே நாத் தடிக்கும், தோள்கள் எரியும், உறக்கம் கண்ணை அழுத்தும். 'ஆழிக்குமரன்' என்று நாடு அவரை அழைத்தது.

அதன் பின்னராவது ஓய்ந்திருந்தாரா? 1979இல் கொழும்பு விகாரமாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் சைக்கிளோட்டினார். மறு ஆண்டில் ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றார். இதிலென்ன பெருமை என்று அந்நாளில் நானும் நகைத்ததுண்டு.

இன்று நகைக்க இயலவில்லை. பருத்தித்துறை வீதியிலே விடியுமுன் ஓடிப் பழகியவன் யான். முழங்கால் நோவினால் வைத்தியர் தடுத்து மூன்றாண்டாயிற்று. இன்னமும் நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எப்போது முடியுமென்று அன்று சலித்துக்கொண்ட அந்தக் கடைசி மைலையே இப்பொழுது மனம் நாடுகிறது.

1984 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். நமது கடலின் வெதுவெதுப்பு அங்கில்லை. அக்குளிர் நீர் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். அவர் கரையேறவில்லை. வயது 41.

நீந்துவதற்குத் தடையில்லை என்கிறார் என் வைத்தியர். பங்குனியிற் கடல் அடங்கியதும் இறங்குவதாக இருக்கிறேன், இடுப்பளவு நீரில்தான்.