கல்லூரிச் சாலையின் கணக்கு நோட்டு

(மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)





இன்று இங்கே மூன்று வகையினர் அமர்ந்திருக்கிறீர்கள். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருப்பவர்கள், கல்லூரியை நம்பிக் கடை, மெஸ் நடத்துபவர்கள், வீட்டு மாடியை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர்கள். இந்த மூவருக்கும் நடுவே ஓடும் ஒரு கணக்கு நோட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

திருச்சி காஜா நகரில் 1951-ஆம் ஆண்டு ஜமால் முகமது கல்லூரி தொடங்கப்பட்டதை நாம் அறிவோம். ஹாஜி ஜமால் முகமது சாஹிப் அவர்களும், ஜனாப் காஜாமியான் ராவுத்தர் அவர்களும் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்குக் கொடுத்தார்கள். வணிகர்களின் பொருளால் கல்லூரி எழுந்தது. இன்று அந்தக் கல்லூரியை வைத்து எத்தனையோ சிறு வணிகர்களின் அடுப்பு எரிகிறது. இட்லிக் கடை, டீக்கடை, ஜெராக்ஸ் கடை, இஸ்திரி வண்டி, பஞ்சர் கடை, சலூன், ஜூஸ் கடை, சாப்பாட்டு மெஸ் என்று எண்ணிப் பாருங்கள். வெளியூரிலிருந்து வரும் பிள்ளைக்கு முதல் வாரத்தில் பேராசிரியரின் பெயர் தெரியாது. ஆனால் மெஸ் நடத்தும் அக்காவுக்கு அந்தப் பிள்ளையின் ஊரும் பேரும் தெரிந்திருக்கும்.

இந்தக் கடைகளின் வரும்படியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்றால் ஆண்டுக்கு 180 நாட்கள். மீதி 185 நாட்களில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆனால் கடை வாடகைக்கு விடுமுறை உண்டா? கடைக்காரரின் பிள்ளைகளுக்குப் பசி விடுமுறை எடுக்குமா? பாதி ஆண்டு சம்பாதித்து முழு ஆண்டு சாப்பிட வேண்டிய தொழில் இது. அதிலும் மாணவர்கள் சாப்பிடுவது பெரும்பாலும் அக்கவுண்டில்தான். ‘வீட்டிலிருந்து பணம் வந்ததும் தருகிறேன் அக்கா’ என்ற ஒரு சொல்லை நம்பிச் சோறு போடுகிறார்கள்.

அப்படிச் சோறு போட்ட ஒரு சகோதரி நம்மிடம் உதவி கேட்டு வந்தார். கணவரை இழந்தவர், இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு சிறிய மெஸ் நடத்துகிறார். அவர் 20,000 ரூபாய் தண்டல் வாங்கியிருந்தார். கையில் கிடைத்தது 17,000. நாளுக்கு 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கல்லூரி விடுமுறையானாலும் தண்டல்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். 45 நாள் கட்டியிருந்தார், இன்னும் 11,000 பாக்கி. நாம் அதைக் கட்டி முடித்தோம். குர்ஆன் சொல்லும் ஜகாத்துக்குரிய எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டல்லவா? வேலை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ் என்று கோப்பை மூடி வைத்தோம்.

மூன்றே மாதத்தில் அவர் மறுபடியும் தண்டல் வாங்கியிருப்பது தெரிய வந்தது. நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது உண்மை. ‘மறுபடியும் போய் வட்டியில் விழுந்துவிட்டாரே’ என்று பேசினோம். நேரில் போய்க் கேட்டபோது அவர் ஒன்றும் வாதாடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நம் முன்னே வைத்தார். அதில் 14 மாணவர்களின் பெயர்கள். மொத்த பாக்கி 31,600 ரூபாய். அதில் பலர் படிப்பை முடித்து ஊருக்குப் போய்விட்டவர்கள். அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் அவர் தண்டல்காரரைத் தேடியே போயிருக்க மாட்டார். பிள்ளைகளுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துவிட்டு, அரிசி வாங்குவதற்கு அவர் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். முதல் தடவையே அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்காதது நம் தவறு.

சகோதரர்களே, அந்த 14 பேரும் கெட்ட பிள்ளைகள் அல்ல. தேர்வு முடிந்த அவசரம், ஊருக்குப் போகும் சந்தோஷம், சிறு தொகைதானே என்ற அலட்சியம், அவ்வளவுதான். கல்லூரியில் டி.சி. வாங்க வேண்டுமானால் நூலகத்தில் கையெழுத்து, விடுதியில் கையெழுத்து என்று பாக்கி இல்லை எனக் காட்ட வேண்டும். மெஸ் அக்காவிடமும் டீக்கடை பாயிடமும் கையெழுத்து வாங்கி வா என்று எந்த அலுவலகமும் கேட்பதில்லை. ஆனால் கேட்பவன் ஒருவன் இருக்கிறான். கடன் வைத்து மௌத்தானவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகுதான் நபி (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தினார்கள் என்பதை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். அதற்குச் சற்று முன்னே 280-ஆவது வசனம், கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் மார்க்கம்.

ஆகவே பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதா மாதம் பணம் அனுப்பும்போது, ‘மெஸ்ஸுக்குக் கட்டிவிட்டாயா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பருவம் முடிந்து பிள்ளை பெட்டியைக் கட்டும்போது, ‘எந்தக் கடையிலாவது பாக்கி இருக்கிறதா?’ என்று கேளுங்கள். கையில் காசில்லை என்றால் ஒளிந்து போகாமல் சொல்லிவிட்டுப் போகப் பழக்குங்கள்.

கடை நடத்தும் சகோதரர்களிடமும் சில வார்த்தைகள். விலையை எழுதித் தொங்கவிடுங்கள். பழைய மாணவனுக்கு ஒரு விலை, புதிதாக வந்தவனுக்கு ஒரு விலை வேண்டாம். அளவில் குறைப்போரின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் குர்ஆனில் இருக்கிறது. தேர்வு நேரத்தில் மைக்ரோ ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது பிள்ளையின் திருட்டுக்கு நாம் துணை போவதாகும். அந்தக் காசில் பரக்கத் இருக்காது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நம் பிள்ளை போன்ற ஒரு பிள்ளையின் கையில் அதைக் கொடுக்க நமக்கு மனம் வரக் கூடாது.

வீட்டு உரிமையாளர்களே, அட்வான்ஸை எழுதி வாங்குங்கள், காலி செய்யும் நாளில் இழுத்தடிக்காமல் திருப்பிக் கொடுங்கள். ‘சுவருக்கு வெள்ளை அடிக்க’ என்று ஆயிரம் ஆயிரமாகப் பிடிப்பதையும் அல்லாஹ் கணக்கில் வைக்கிறான். பெண் பிள்ளைகளுக்கு விடுதி நடத்துவோர் 2014-ஆம் ஆண்டின் தமிழக விடுதிகள் சட்டப்படி பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். பெண்ணை அனுப்பும் பெற்றோர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் அந்த உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சகோதரியின் நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நம் இளைஞர்கள் ஒவ்வொரு எண்ணாக அழைத்துப் பேசினார்கள். யாரையும் மிரட்டவில்லை, அவமானப்படுத்தவில்லை. ஆறு பேர் உடனே 13,400 ரூபாய் அனுப்பினார்கள். மூன்று பேர் 8,200 ரூபாயைத் தவணையில் கட்டி வருகிறார்கள். நான்கு பேரின் எண்கள் உபயோகத்தில் இல்லை. அது 7,100 ரூபாய். மீதி ஒரு பையன், 2,900 ரூபாய். அவனுடைய அத்தா மௌத்தாகிவிட்டதால் படிப்பை நடுவில் விட்டவன். அதைச் சொன்னதும் அந்தச் சகோதரியே பேனாவை எடுத்து அவன் பெயரை அடித்துவிட்டார். நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அவருடைய மெஸ்ஸில் அக்கவுண்ட் வைக்கும் மாணவர் தம் எண்ணோடு வீட்டு எண்ணையும் எழுத வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் பாக்கி போகக் கூடாது. மாதக் கடைசியில் இருவரும் கையெழுத்திட வேண்டும். விடுமுறைக் காலத்துக்கு நம் அறக்கட்டளையிலிருந்து வட்டியில்லாக் கடன் பெற்று, கல்லூரி திறந்ததும் வாரம் 500 வீதம் திருப்பிக் கட்டுகிறார். இதே முறையில் கடன் பெற விரும்பும் கடைக்காரர்கள், யாராக இருந்தாலும், எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், தங்கள் நோட்டுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். தண்டலில் சிக்கி மிரட்டலுக்கு ஆளாகியிருப்பவர்கள் பயந்து ஒளிய வேண்டியதில்லை. தினவட்டி, கந்துவட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 2003 முதல் இருக்கிறது. புகார் கொடுக்க நாம் உடன் வருகிறோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ, படித்து முடித்த பிள்ளையோ, கூப்பிட்டு அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். நம்முடைய பழைய பாக்கி ஏதும் நினைவுக்கு வந்தால் அதையும் தீர்த்துவிடுவோம்.

நம் அனைவரையும் பிறர் கடனோடு தன்னைச் சந்திக்காதவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.