ஈரத்தில் ஒட்டுங்கள்

காரின் முன்விளக்கை விரலால் தட்டிப் பாருங்கள். கண்ணாடிச் சத்தம் வராது. பெரும்பாலும் அது பிளாஸ்டிக். வெயில் பட்டுப்பட்டு மஞ்சளாகிவிடும். அதைத் தடுக்கத்தான் மேலே ஒட்டுகிற பிலிம். வீட்டிலேயே ஒட்டலாம். ஆனால் ஈரத்தில் ஒட்டுங்கள். செல்போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டுவதுபோல உலர்ந்த விளக்கில் வைத்தால் பட்டென்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் நகர்த்த முடியாது.

விளக்கைக் கழுவுங்கள். தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு கலந்து விளக்கிலும் தெளியுங்கள், பிலிமின் பசைப் பக்கத்திலும் தெளியுங்கள். வழுக்கும். இடம் பார்த்து நகர்த்தலாம். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். வளைவில் சுருங்கினால் ஹேர் டிரையர் சூடு கொஞ்சம். நிழலில் செய்யுங்கள், வெயிலில் ஈரம் நிற்காது.

கறுப்பு பிலிம் மட்டும் வேண்டாம். பார்க்க ஜோர்தான், இரவில் ரோடு தெரியாதே! ஏற்கெனவே மஞ்சளான விளக்கா? முதலில் பாலிஷ், அப்புறம் பிலிம்.