படிக்கட்டில் ஏறி வந்த பூஞ்சை

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழிக் குளிர் தொடங்கும் நாட்களில் நம் வீடுகளில் ஒரு வாடை வரும். பீரோவைத் திறந்தால் மூக்கில் ஏறும். தோல் செருப்பிலும் பழைய புத்தகத்திலும் அடியில் மடித்து வைத்த போர்வையிலும் அந்த வாடை இருக்கும். "பூசணம் பிடிச்சிருக்கு" என்று சொல்லி, வெயிலில் போட்டு உதறி எடுத்து வைப்போம். அதோடு அதை மறந்துவிடுவோம்.

எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். மழைக்காலம் வந்தால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வான். படுத்தால் இழுப்பு. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். நெபுலைசர் வைப்பார்கள், சிரப் கொடுப்பார்கள், மறுவாரம் மறுபடி வரும். போன ஆண்டு ஒருநாள் மின்விசிறி மாட்ட வந்த ஆளுக்கு இடம் விட அவன் கட்டிலை நகர்த்தினோம். தலைமாட்டுச் சுவரில், அடுத்த பக்கத்துக் குளியலறைக் குழாய் கசிகிற இடத்தில், ஒரு முழ அகலத்துக்குக் கரும்பச்சைப் படலம். விரலை வைத்தேன். மாவுபோல ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளை இரவெல்லாம் முகம் வைத்துப் படுத்தது அதற்கு ஒரு சாண் தள்ளித்தான்.

அதுவரை அவனைப் பார்த்த மருத்துவர்கள் ஒருவரும், "வீட்டில் எந்தச் சுவர் ஈரமாக இருக்கிறது?" என்று கேட்டதில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஏனென்றால் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டதன் பலனாக, அவர்கள் தேடாத ஒரு மருந்தும் உலகத்துக்குக் கிடைத்தது. இன்று அந்தக் கதையைத்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

லண்டனில் பேடிங்டன் பகுதியில் செயின்ட் மேரிஸ் மருத்துவமனை. அங்கே தடுப்பூசி ஆய்வுக்கென்று ஒரு துறை. தலைவர் ஆல்ம்ரோத் ரைட். அந்தத் துறையில் லெனார்ட் நூன் என்ற இளம் மருத்துவர் 1911-ல் ஒரு புதுச் சோதனையைச் செய்தார். கோடையில் புல் பூக்கும்போது தும்மலும் கண்ணரிப்புமாகத் தவிக்கிறவர்களுக்கு, அதே புல்லின் மகரந்தத்தை நீரில் கரைத்து, மிக மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார். எதைக் கண்டு உடல் மிரள்கிறதோ அதையே சொட்டுச் சொட்டாகக் காட்டிப் பழக்குவது. ஒவ்வாமைக்கு இன்று உலகெங்கும் போடப்படும் ஊசி சிகிச்சையின் தொடக்கம் அதுதான். நூன் அதன் வளர்ச்சியைப் பார்க்கவில்லை. காசநோய் அவரை 1913-ல் கொண்டுபோய்விட்டது. வேலையைத் தொடர்ந்தவர் அவருடைய நண்பர் ஜான் ஃப்ரீமன்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தில் ஸ்டார்ம் வான் லீவன் என்ற பேராசிரியர் ஆஸ்துமா நோயாளிகளைத் தூய காற்று மட்டும் வருகிற தனி அறையில் தங்கவைத்துப் பார்த்தார். வீட்டில் இழுத்துக்கொண்டு கிடந்தவர்களில் பலர் அந்த அறைக்குள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். அப்படியானால் குற்றவாளி வீட்டுக் காற்றில் இருக்கிறது. ஈர வீடுகளில் வளரும் பூஞ்சையின் மேல் அவருக்குச் சந்தேகம். இது ஃப்ரீமன் காதுக்கு எட்டியது. உடனே, பூஞ்சைகளைப் படித்தறிந்த லா டூஷ் என்ற அயர்லாந்துக்காரரைத் துறையில் வேலைக்கு அமர்த்தினார்கள். அவருக்கு என்ன வேலை தெரியுமா? ஆஸ்துமா நோயாளிகளின் வீடுகளிலிருந்து தூசியும் பூஞ்சையும் சேகரித்து வந்து, தட்டுகளில் வளர்த்து, எது எது என்று பிரித்து, ஊசிக்கான சாறு தயாரிப்பது.

அவருடைய அறையில் பூஞ்சை வித்துகள் வெளியே பறக்காமல் தடுக்கும் வசதி எதுவும் இல்லை. தட்டைத் திறந்தால் வித்துகள் காற்றில் கலக்கும். அதற்கு நேர் மேல்மாடியில் இன்னோர் அறை. இரண்டு அறைகளின் கதவும் ஒரே படிக்கட்டுப் பக்கம் திறக்கும். மேல் அறையில் வேலை செய்தவர் அலெக்சாண்டர் ஃப்ளெமிங்.

ஃப்ளெமிங்கின் தட்டில் ஜன்னல் வழியாகப் பூஞ்சை வந்து விழுந்தது என்றுதான் நம்மில் பலர் பள்ளியில் படித்தோம். அதே துறையில் வேலை பார்த்த ரொனால்ட் ஹேர் பிற்காலத்தில் இதை ஆராய்ந்து எழுதினார். அந்த ஜன்னல் எளிதில் திறக்கக்கூடியது அல்ல; வித்து கீழ்மாடியிலிருந்து படிக்கட்டு வழியாக ஏறி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது அவர் முடிவு. 1928 கோடையில் ஃப்ளெமிங் சீழ் உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைத் தட்டுகளில் பரப்பி, மேசையில் அடுக்கிவிட்டு விடுமுறைக்குப் போனார். அப்போது சில நாட்கள் லண்டனில் வழக்கத்தைவிடக் குளிர். குளிரில் பூஞ்சை முந்திக்கொண்டு வளர்ந்தது. பிறகு வெப்பம் ஏறியதும் பாக்டீரியா வளர்ந்தது. செப்டம்பர் 3-ஆம் தேதி திரும்பி வந்து பார்த்தால், பூஞ்சையைச் சுற்றி மட்டும் பாக்டீரியா கரைந்து கண்ணாடிபோலத் தெளிந்திருக்கிறது. குளிரும் வெப்பமும் முறை மாறி வந்திருந்தால் அந்த வட்டம் தோன்றியிருக்காது. வளர்ந்து பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவைத்தான் பெனிசிலின் கொல்லும்.

ஃப்ளெமிங் 8 பெனிசிலியம் வகைகளைச் சோதித்தார். ஒன்றே ஒன்றில் மட்டும் அந்தச் சக்தி இருந்தது. அதுவும் தட்டில் விழுந்ததைப் போலவே இருந்தது. ஆக, மூச்சுத் திணறிய யாரோ ஒரு லண்டன்வாசியின் ஈரச் சுவரிலிருந்து புறப்பட்டு, ஒரு மாடி ஏறி, உலகத்தின் முதல் பெனிசிலின் வந்திருக்கக்கூடும். பெயர் தெரியாத அந்த நோயாளியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பெனிசிலினை மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரியும் செயினும் அவர்களோடு உழைத்தவர்களும். 1945-ல் ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு. லா டூஷின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.

சரி, ஒரு பூஞ்சை ஏன் ஒருவருக்கு இழுப்பு வரவைக்கிறது? பூஞ்சைக்கு வயிறு கிடையாது. சோற்றின் மேல், மரத்தின் மேல், சுண்ணாம்புச் சுவரின் தூசியின் மேல் உட்கார்ந்து, செரிக்கும் நொதிகளை வெளியே கக்கி, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். வித்துகள் மூச்சோடு போய் நுரையீரலில் உட்காரும்போது அந்த நொதிகள் மூச்சுக்குழாயின் உள்தோலையும் உறுத்துகின்றன. நம் உடலில் குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்க்க ஒரு படை உண்டு. ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் அந்தப் படையைச் சேர்ந்தது; அதை 1960-களில் கண்டுபிடித்தார்கள். சிலருடைய உடல் பூஞ்சையைப் பார்த்ததும் புழு வந்துவிட்டதென்று எண்ணி இந்தப் படையை ஏவிவிடுகிறது. மூச்சுக்குழாய் சுருங்குகிறது, வீங்குகிறது, சளி கொட்டுகிறது. பூஞ்சை செய்யும் கேட்டைவிட நம் படை செய்யும் கேடு பெரிது.

இது சாதாரணத் தும்மலோடு நிற்பதில்லை. காய்ந்த இலைகளிலும் தானியக் கதிர்களிலும் வளரும் ஆல்டர்னேரியா என்ற பூஞ்சை இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், ஆஸ்துமா முற்றி மூச்சே நின்றுபோன 11 இளம் வயதினரைச் சோதித்தார்கள். அவர்களில் 10 பேருக்கு ஆல்டர்னேரியா ஒவ்வாமை. 1991-ல் வெளிவந்த ஆய்வு அது.

நம் நாட்டுக்கு நெருக்கமான ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. எருக்குழி, மக்கிய வைக்கோல், குப்பைமேடு எங்கும் இருக்கிறது. அதன் வித்து, ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இருபதை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறிது. தினமும் எல்லாரும் அதைச் சுவாசிக்கிறோம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது மூச்சுக்குழாய்ச் சளிக்குள்ளேயே குடியேறி வளரும். உடல் ஓயாமல் அதோடு சண்டை போடும். இருமினால் பழுப்பு நிறத்தில், ரப்பர் துண்டுபோலக் கெட்டியான சளிக்கட்டி வரும். சிலருக்கு ரத்தமும் வரும். காய்ச்சல் இருக்கும், எடை குறையும், எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளைத் திட்டு தெரியும்.

இருமல், ரத்தம், காய்ச்சல், எடைக் குறைவு, எக்ஸ்ரேயில் திட்டு. இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? காசநோய். மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. இந்தியாவில் இந்த நோயாளிகளில் எத்தனையோ பேருக்கு, மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கிய பிறகே சரியான நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. காசநோய் பரவலாக உள்ள நாட்டில் அதை முதலில் நினைப்பது தவறில்லை. ஆனால் சளியில் காசநோய்க் கிருமி கிடைக்கவில்லை, பழைய ஆஸ்துமாக்காரர், மாத்திரைக்கும் கேட்கவில்லை என்றால், "ஐஜிஇ பார்க்கலாமா டாக்டர், அஸ்பர்ஜில்லஸுக்குச் சோதிக்கலாமா?" என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனைதான். ஆனால் காசநோய் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இந்த அஸ்பர்ஜில்லஸ் நோய்க்குக் கொடுக்கும் முதன்மையான மருந்து ஸ்டீராய்டு. ஆஸ்துமாக்காரர்கள் தினமும் இழுக்கும் இன்ஹேலரிலும் பெரும்பாலும் அதே குடும்பத்து மருந்துதான். இங்கேயும் ஒரு பூஞ்சை இருக்கிறது. கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு முதன்முதலில் வந்தபோது மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் அதைச் செய்தார்கள். தங்கத்தைவிட விலை. 1952-ல் அமெரிக்காவின் அப்ஜான் நிறுவன ஆய்வாளர்கள் பீட்டர்சனும் மர்ரேயும் வேறு வழி கண்டார்கள். ரொட்டியில் கறுப்பாகப் பூக்கிறதே, ரைசோபஸ், அந்தக் குடும்பத்துப் பூஞ்சையிடம் மூலப்பொருளைக் கொடுத்தார்கள். வேதியியலாளர்கள் பல படிகளில் திண்டாடிச் செய்ததை, சரியான இடத்தில் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பொருத்துவதை, அது ஒரே படியில் செய்து கொடுத்தது. விலை சரிந்தது. ஸ்டீராய்டு சாமானியர்களின் மருந்தானது. குழந்தைகளின் கரப்பானுக்குப் பூசும் டாக்ரோலிமஸ் களிம்பும் ஜப்பானில் சுகுபா மலையடிவார மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரின் கொடைதான்.

அப்படியானால் நுண்ணுயிரோடு நெருங்கி வாழ்ந்தால் ஒவ்வாமை வருமா, வராதா? இதற்கு 2016-ல் வந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு சமூகங்கள். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து போய்க் குடியேறிய உழவர்கள், ஒத்த உணவு, ஒத்த பழக்கம். ஆமிஷ் மக்கள் வீட்டை ஒட்டியே மாடும் குதிரையும் வளர்ப்பவர்கள். பிள்ளைகள் தொழுவத்தில் விளையாடுவார்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணைகள் பெரிய இயந்திரப் பண்ணைகள். பிள்ளைகளுக்குத் தொழுவ வாசம் குறைவு. ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21 சதவீதம். ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாக்களின் மேலுறைப் பொருள் ஏறக்குறைய 7 மடங்கு. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் இட்டபோது அவற்றுக்கும் ஒவ்வாமை ஆஸ்துமாவிலிருந்து காப்பு கிடைத்தது.

இதைக் கேட்டுவிட்டு, அழுக்கு நல்லது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. தொழுவத்தின் பலவகை நுண்ணுயிர்கள் பிள்ளைப்பருவத்தில் உடலைப் பழக்குவது வேறு. குழாய் கசிந்த சுவரில் ஒரே பூஞ்சை அப்பிக்கொண்டு இரவெல்லாம் மூக்கருகே வித்து தூவுவது வேறு. ஏற்கெனவே இழுப்பு வருகிற பிள்ளைக்கு இரண்டாவதால் கேடு மட்டுமே. எங்கள் மேல்மாடியில் கட்டிலை வேறு சுவருக்கு மாற்றி, குழாயைச் சரிசெய்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு சுவரைச் சுரண்டி, காய்ந்த பிறகு பூசினார்கள். பையனுக்கு இன்ஹேலர் இன்னும் இருக்கிறது. இந்த மழைக்காலத்தில் இரவு எழுந்தது மூன்று முறைதான் என்று அவன் அம்மா எண்ணி வைத்திருக்கிறாள்.

பெனிசிலின் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. என் அக்காவுக்குச் சிறுவயதில் காய்ச்சலில் பெனிசிலின் ஊசி போட்டபோது உடலெங்கும் தடிப்பு வந்ததாம். அன்றிலிருந்து அவள் கோப்பில் சிவப்பு மையில் 'பென்சிலின் அலர்ஜி'. பல்வலி, அறுவை சிகிச்சை எதுவானாலும் அவளுக்கு வேறு மருந்து, விலை கூடிய மருந்து. பெனிசிலின் ஒவ்வாமை என்று குறிக்கப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இல்லை என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. குழந்தைப் பருவத்து வைரஸ் காய்ச்சலின் தடிப்பு மருந்தின் மேல் பழியாக விழுந்திருக்கும். உண்மையாகவே இருந்தவர்களில் பலருக்கும் பத்தாண்டுகளில் அது மறைந்துவிடும். சுவர்ப் பூஞ்சை ஒத்துக்கொள்ளாதவருக்குப் பெனிசிலின் ஊசியும் ஆகாது என்பதும் சரியல்ல, இரண்டும் வெவ்வேறு. ஆனால் வீட்டில் ஒரு மாத்திரையைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று யாரும் துணியக் கூடாது. உண்மையான ஒவ்வாமை சில நிமிடங்களில் உயிரை எடுக்கும். சோதனை மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும்.

அக்காவை அழைத்துப் போனபோது அவளுக்கு 61 வயது. முன்கையில் குத்திப் பார்த்தார்கள். 20 நிமிடம் கழித்துத் தோல் அப்படியே இருந்தது. பிறகு தோலுக்கடியில் சிறிதளவு. அதற்கும் ஒன்றுமில்லை. கடைசியாக ஓர் அமாக்சிசிலின் மாத்திரை கொடுத்து, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவள் என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. மணி ஆனதும் செவிலியர் வந்து நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார், கோப்பைத் திறந்து அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் நீல மையால் ஒரு கோடு இழுத்தார். "ஐம்பது வருஷமா இதுக்குத்தானாடா பயந்துகிட்டிருந்தேன்?" என்று அக்கா கேட்டாள். பசிக்கிறது என்றாள். எதிரிலிருந்த கடையில் இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன்.