சுண்ணாம்பும் சுவடியும்



பழைய கல்விக் கட்டடம் ஒன்றின் புதுப்பிப்பைப் பற்றிக் கவிஞர்களிடையே பேசுவதேன் என்று சிலர் எண்ணக்கூடும். கோபுரத்துக்குச் சாரம் கட்டுவதைக் கண்டு வளர்ந்த திருவண்ணாமலையாருக்கு இது அயலான செய்தியன்று.

சென்னைக் கடற்கரையில் நிற்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1857இல் தோன்றிய பல்கலைக்கழகத்துக்காக, இராபர்ட் சிசோம் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில், 1874க்கும் 1879க்கும் இடையே எழுந்தது அது. 1937இல் சென்னை மாகாணச் சட்டப்பேரவையும் அங்குக் கூடியது. பின்னர்ப் பட்டமளிப்பு விழாக்கள் நூற்றாண்டு மண்டபத்துக்கு மாற, செனட் இல்லத்தின் பயன்பாடு அருகியது. ஆளில்லாத வீட்டை உப்புக்காற்று விட்டுவைக்குமா? பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டியே புதுப்பிப்புப் பணி நடைபெற்றது.

இத்தகைய கட்டடத்தில் சிமெண்டு செய்யும் தீங்கு நுட்பமானது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். பூச்சு மட்டும் புதிதாக நிற்கும்! நீற்றிய சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் எனப் பழைய கலவைக்குத் திரும்புவது பழமைப்பற்றினால் அன்று. சுவர் உயிர்வாழ வேறு வழியில்லை.

செனட் இல்லத்துக்கு அருகே, அதே கடற்கரைச் சாலையில், மாநிலக் கல்லூரி. அதன் கட்டடமும் சிசோம் வடிவமைத்ததே, 1870இல் திறக்கப்பெற்றது. உ.வே.சாமிநாதையர் 1903 முதல் 1919 வரை அங்கே தமிழ் கற்பித்தார். பத்துப்பாட்டைப் பதிப்பிக்கையில், குறிஞ்சிப்பாட்டின் பூப்பெயர்ப் பகுதி ஏடுகளில் சிதைந்திருந்தது. செய்யுள் இயற்ற வல்ல அவருக்கு அவ்விடத்தை நிரப்புவது அரிதோ? அவர் அது செய்யவில்லை. தேடினார், தருமபுர ஆதீன ஏட்டில் விடுபட்ட பெயர்கள் கிடைத்தன. கொத்தனாரும் பதிப்பாசிரியரும் ஒரே தொழிலைத்தான் செய்கின்றனர் என்பேன்.

அவர் வாழ்ந்த திருவல்லிக்கேணித் தியாகராச விலாசம் 2012இல் இடிக்கப்பட்டது. ஏடுகளுக்கு மீண்டும் உயிர் தந்தவரின் வீடு! அதற்கு இரங்கற்பா பாடினோர் உண்டு. இடிக்குமுன் அளந்து வரைந்து வைத்தோர் எத்தனை பேர்?

நம் ஊர் அரசு கலைக்கல்லூரி 1966இல் தோன்றியது. கட்டட வயதில் இளையதே. ஆயினும் பழைய பள்ளிகளும் ஓட்டு வீடுகளும் நம் தெருக்களில் இன்னும் உள்ளன. வட்டத்தின் சார்பில் அவற்றைப் படமெடுத்து, அளந்து, ஒரு குறிப்பேடு தொடங்கலாம். சுதைவேலை அறிந்த கொத்தனார் ஒருவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து, இதே மேடையில் பேசச் செய்யுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.