மரத்த வாயும் சுடுதேத்தண்ணியும்



கொழுந்து எடுக்கும்போது அட்டை கடித்தால் தெரியாது. நிறுக்கிற இடத்துக்கு வந்து, காலில் ரத்தம் வழிவதைக் கண்ட பிறகுதான் தெரியும். அதற்கெல்லாம் அசராத அக்காமார், பல் டொக்டர் ஊசியைக் கையில் எடுத்ததும் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். யாரும் சிரிக்க வேண்டாம். லயத்தில் உலாவுகிற ஒரு கதைதான் அந்தப் பயத்துக்குக் காரணம்: "ஊசி போட்டும் உசுரு போயிருச்சு!"

அந்தக் கதை பல நேரம் பொய்யில்லை. அது எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். பல் லேசாகக் குத்துகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அதனால் கராம்பை வைத்து அழுத்துகிறோம், புகையிலையை அடக்கிக்கொள்கிறோம். கன்னம் வீங்கி, கண் மூட முடியாமல் போன பிறகுதான் டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏறுகிறோம். இதற்குள் வேரடியில் சீழ் கட்டியிருக்கும். சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும். மரக்கச் செய்கிற மருந்து அங்கே நரம்புக்குள் சரியாக நுழையாது. வலி முழுதாக அடங்காது. வீடு திரும்பியவர் நடந்ததைச் சொல்கிறார். கேட்ட பக்கத்துக் காம்பராக்காரர் தன் பல்லை இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுகிறார். அடுத்த கதை அவருடையது.

ஆகவே, லேசாகக் குத்தும்போதே போவதுதான் ஊசிப் பயத்துக்கு முதல் மருந்து. வீங்கிவிட்டதா? அப்போதும் வழியுண்டு. சீழை வெளியேற்றலாம், தேவையானால் மாத்திரை தரலாம், வீக்கத்துக்கு அப்பால் நரம்பு வருகிற வழியிலேயே ஊசி போடலாம்.

இந்த வசதி எப்போதும் இருந்ததில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட காலத்தில், ஈறை மட்டும் மரக்கச் செய்கிற ஊசி மருந்து எந்தத் துரைக்கும் கிடைக்கவில்லை. 1884இல்தான் கோக்கேன் அதற்குப் பயன்பட்டது. இன்று பெரும்பாலும் போடுகிற லிக்னோகெயினை 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கினார். கூட வேலை செய்த பெங்ட் லுண்ட்குவிஸ்ட், அதைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்த ஆள்.

ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். மருந்து அந்த இடத்திலேயே தங்குவதற்காக அட்ரினலின் கொஞ்சம் சேர்க்கிறார்கள். அதன் வேலையாகவும் இருக்கலாம். சில நிமிடத்தில் அடங்கிவிடும். இருதய நோய், பிரஷர், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஊசியை விட மரப்புக்கு அஞ்சுகிறவர்களும் உண்டு. உதடு பூசணிக்காய் அளவு வீங்கிவிட்டதாகவும் எச்சில் விழுங்கவே முடியாததாகவும் தோன்றும். கண்ணாடி கேட்டுப் பாருங்கள், உதடு பழையபடிதான் இருக்கும். உணர்ச்சிதான் போயிருக்கிறது, விழுங்குகிற தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று: மரத்த பிறகும் பல்லை அசைப்பதும் அழுத்துவதும் தெரியும். அது வலியல்ல. குத்துகிற வலி வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, இன்னும் மருந்து போடச் சொல்லலாம்.

ஆனால் வாய் திறந்திருக்கும்போது எப்படிச் சொல்வது? டொக்டருக்குத் தமிழ் வராமல் இருக்கலாம், நமக்குச் சிங்களம் தடுமாறலாம். "நான் இடது கையைத் தூக்கினால் நிறுத்துங்க" என்று தொடங்குவதற்கு முன்பே சைகையில் பேசிக்கொள்ளுங்கள். நிறுத்துகிற அதிகாரம் தன் கையில் இருக்கிறதென்று தெரிந்தாலே பாதிப் பேருக்குக் கை நடுக்கம் குறையும் என்பது என் எண்ணம். பயமென்று வெளிப்படையாகச் சொல்வதிலும் வெட்கமில்லை. தெரிந்தால் டொக்டர் மெதுவாகப் போடுவார்.

விடிய முன்னமே வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். வெறும் பல் ஊசிக்குப் பட்டினி தேவையில்லை, மயக்கம்தான் வரும். ஊசியைக் கண்டாலே தலை சுற்றுகிறவர்கள், கால், கைத் தசைகளைச் சில விநாடி இறுக்கிப் பிடித்து விட வேண்டும். இரத்த அழுத்தம் விழாமல் அது காக்கும். லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்ற சுவீடன் உளவியலாளர் 1980களில் சோதித்துப் பார்த்த முறை இது.

முடிந்து வெளியே வந்ததும் குளிருக்கு இதமாகச் சுடச்சுட ஒரு பிளேன்டீ குடிக்கத்தான் தோன்றும். வேண்டாம். மூன்று நாலு மணி நேரம்கூட மரப்பு இருக்கும்; நாக்கு வெந்தாலும் தெரியாது. வெற்றிலை சுண்ணாம்பும் அப்படித்தான். பிள்ளைகள் மரத்த உதட்டை வேடிக்கையாகக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். மரப்பு விடுகிற வரைக்கும் ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருங்கள், பிஸ்கட் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு.