இலையுதிர் காலமும் மேனித் தடிப்பும்
(மலாக்கா வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மலாக்காத் தோட்டங்களில் பால்மரங்கள் இலை உதிர்க்கின்றன, மழையும் குறைகிறது. நிழல் தந்த காட்டிலேயே வெயில் நேராக நம்மேல் விழுகிறது. வெட்டு காலையில் முடிந்தாலும் பாலெடுக்கும்போது வெயில் ஏறிவிடும். அந்நாள்களில்தான் நம்மிற் சிலருக்கு முன்கையிலும் கழுத்திலும் மேல்மார்பிலும் சிவந்த தடிப்பும் அரிப்பும் காண்கின்றன.

இதை ஒட்டுநோய் என்றும், சுத்தக் குறைவு என்றும் சொல்லி ஒருவரை ஒதுக்குவது தவறு. வெயிலின் புறஊதாக் கதிர் சிலர் தோலுக்கு ஒவ்வாது. வெயில் பட்ட சில மணி நேரத்திலோ மறுநாளோ தடிப்பு எழும். வெயிலைத் தவிர்த்தால் சில நாளில் வடுவின்றி மறையும். மறு ஆண்டும் வரக்கூடும். பிறருக்குத் தொற்றாது. காய்ச்சலும் நீர்க்கொப்புளமும் சேர்ந்தால் அது அம்மையாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டவேண்டும்.

முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் துண்டு, அகன்ற தொப்பி ஆகியவை நமக்குக் காப்பு.

களைக்கொல்லி தெளித்தோ, பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம் பட்டோ தோல் புண்ணானால் அது வேறு கதை. சொக்சோவின் 1969ஆம் ஆண்டுச் சட்டம் வேலையால் வரும் தோல் நோயையும் தொழில் நோய்களில் சேர்த்திருக்கிறது. ஆகவே மறைக்காமல் டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். கிராணிமார்களாகிய நாமும் நாளையும் செய்த வேலையையும் அன்றன்றே குறித்துவைக்க வேண்டும். ஏட்டில் ஏறாத நோய்க்கு ஈடு கேட்பது கடினம்.

தடிப்பு கண்டவருக்குச் சம்பளம் குறையாமல் நிழலில் வேலை தரவேண்டும். இதுவே நம் கோரிக்கை. ஒன்றுபட்டுக் கேட்போம்!