பாட்டியின் பெயர் யாது?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே அலுவலகத்தில் ஏடெழுதிப் பிழைக்கும் நாம் கற்றோர் நிறைந்த இவ்வவையில் பேச முன்வந்தது துணிவினாலன்று. மனத்திலுள்ள ஒரு குறையைச் சொல்லி ஆற்றிக்கொள்ளவே.

அலுவலகப் பணிப்பதிவேட்டில் ஒரு தாள் தவறினும் ஒருவருடைய ஓய்வூதியம் ஊசலாடும். அத்துணைக் கவனம் வீட்டில் உண்டா? எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் ஏழு தலைமுறை ஆண்மக்களின் பெயர்கள் உள. பெண்டிரோ 'மனைவி' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டனர். நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து, முறுக்குச் சுற்றி விற்று எம்மைப் படிக்கவைத்த பாட்டியின் இயற்பெயரை, அவர் மறைந்த பின்னர்ப் பங்கீட்டு அட்டையில் கண்டே அறிந்தோம். அவருடைய தாயாரின் பெயர் யாது என எம் மகள் கேட்டாள். விடை கூற எவரும் எஞ்சவில்லை.

புகழ்பெற்ற பெண்மணிகளின் வரலாறும் இவ்வாறு மறையக்கூடியதே. 1901இல் பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மையார் சிறுவயதிலேயே மணமானவர். 1924இல் 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயாற் கூற, தோழி பட்டம்மாள் எழுதினார். பின்னர் அம்மையார் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, 115 நாவல்கள் படைத்து, 1960இல் மறைந்தார். அச்சேறிய நாவல்களை நூலகங்கள் காக்கும். எழுதித் தந்த தோழியை, கேட்டறிந்து குறித்து வைத்தவர்களே காத்தனர்.

இவ்வரும்பணிக்கு நம் நகரிலேயே ஒரு நிலையம் உண்டு. 'அம்பை' என்னும் புனைபெயரில் எழுதும் சி. எஸ். லக்ஷ்மி அம்மையார், தோழியர் இருவருடன் 1988இல் நிறுவிய 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகமே அது. அப்பெயருக்குச் சிட்டுக்குருவி என்றும் பொருள். பெண்களின் வாழ்க்கையை அவர்தம் வாய்மொழியாகவே பதிவு செய்து, நிழற்படங்களையும் கடிதங்களையும் அது சேர்த்து வைத்துள்ளது.

அன்பர்களே! நம் குடியிருப்பிலும் முதிய அம்மையார் பலர் உளர். ஒரு ஞாயிறன்று அவர்களருகே அமருங்கள். "என்ன சாதித்தீர்கள்?" என வினவ வேண்டா; "ஒன்றுமில்லையப்பா" என்பார்கள். பிறந்த ஊர், தாயார் பெயர், யாருடன் வண்டியேறி வந்தார்கள், முதன்முதல் ஈட்டிய காசு எவ்வளவு எனக் கேளுங்கள். அவர்கள் இசைவுடன், சொன்னபடியே எழுதித் தேதியிடுங்கள். பழைய நிழற்படங்களின் பின்புறம் பெயரையும் ஊரையும் பென்சிலாற் குறியுங்கள். நினைவும் அட்டையும் மாறுபடின் இரண்டையும் எழுதிவையுங்கள்.

வண்டி புறப்பட்ட பின் நடைமேடையில் ஓடிப் பயனில்லை. இதனைப் பட்டறிந்தே கூறுகின்றோம்.